எலிக்குப் பலித்த வைத்தியம்

பக்கவாதம் வந்தும் மூளை சேதாரமில்லாமல் பிழைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் எலியாகப் பிறந்திருக்க வேண்டும். அதிலும் சோதனைக்கூட எலியாக. கடந்த நாற்பது ஆண்டுகளில் எலியின் மூளையைக் காப்பாற்றாத மருந்தைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது.

நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால், 2006-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் சிலர் பொறுமையாக உட்கார்ந்து போட்ட கணக்கைப் பாருங்கள். பக்கவாதத்துக்கு என்று ஆய்வுலகம் அதுவரை முயன்ற சிகிச்சைகள் 1,026. அவற்றில் மனிதர்கள்வரை வந்து சேர்ந்தவை 114. மனித மூளைச் செல்லைக் கைகொடுத்துக் காப்பாற்றியதாக எல்லோரும் ஒத்துக்கொண்டவை எத்தனை என்று எண்ண ஒரு விரல்கூடத் தேவைப்படவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று தேறியது. அது மூளைக்கு ஒன்றும் செய்வதில்லை, குழாய் அடைப்பை எடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்த 1,026 பேர் கூட்டத்தில் ரொம்பப் பெருமையான ஒரு குலம் உண்டு. ஆன்டி ஆக்ஸிடன்ட் குலம். கிரீன் டீ பாக்கெட்டிலும் முகக் கிரீம் டப்பாவிலும் இன்று பேர் போட்டுக்கொண்டு திரிகிறதே, அதே குலம்தான். அவர்களுடைய வம்ச வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

கதை 1900-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. ரஷ்யப் பேரரசிலிருந்து இளைஞனாகக் குடும்பத்தோடு ஓடிவந்து, சிக்காகோவின் கசாப்புக் கிடங்குகளில் வேலை பார்த்துப் படித்து மேலே வந்தவர் மோசஸ் கோம்பர்க். அவர் ஏதோ ஒரு பொருளைத் தயாரிக்கப் போனார். வேறு ஏதோ வந்து நின்றது. காற்றுப் பட்டதும் ஆக்ஸிஜனை வாரிச் சுருட்டிக்கொண்டது. துணையில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் பொருள் அது. ஃப்ரீ ரேடிக்கல். அப்படி ஒன்று தனியாக நிலைத்து நிற்கவே முடியாது என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லியிருந்த காலம். கோம்பர்க் கட்டுரை எழுதினார். கடைசியில், இந்தத் துறையை எனக்கென்று ஒதுக்கிவைத்துக்கொள்ள விரும்புகிறேன் என்று ஒரு வரியையும் சேர்த்தார். பஸ் சீட்டில் துண்டு போடும் உரிமையை அறிவியலில் கொண்டாடிய மனிதர். பாவம், துண்டை யாரும் மதிக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஃப்ரீ ரேடிக்கல் என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமானால் கோயில் வாசலுக்கு வாருங்கள். ஒருவருடைய செருப்பில் ஒன்று காணாமல் போகிறது. அவர் சும்மா போவாரா? பக்கத்து ஜோடியில் ஒன்றை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். அந்த ஜோடிக்காரர் வந்து பார்க்கிறார். அடுத்த ஜோடியில் கைவைக்கிறார். அரை மணி நேரத்தில் வாசல் முழுக்க ஒற்றைச் செருப்பும் கெட்ட வார்த்தையுமாக இருக்கும். எலக்ட்ரானைப் பறிகொடுத்த மூலக்கூறு அடுத்ததிடம் பறிக்கிறது, அது அடுத்ததிடம். செல்லின் கொழுப்புச் சுவர், புரதம், மரபணு என்று எல்லாம் இந்தக் கலவரத்தில் நாசம். ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பவர் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மற்றதோடு வீட்டுக்கு நிம்மதியாகப் போகிற பரம சாது. சங்கிலி அவரோடு அறுந்துவிடும்.

கோம்பர்க்கின் பொருள் அரை நூற்றாண்டு சோதனைக் குடுவைக்குள்ளேயே கிடந்தது. அதை மனித உடம்புக்குள் குடியேற்றியவர்களில் முக்கியமானவர் டென்ஹாம் ஹார்மன். ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேதியியலாளராக இருந்தவர். 1945 டிசம்பரில் அவர் மனைவி ஹெலன் ஒரு பெண்கள் பத்திரிகையை நீட்டினார். இளமையை நீட்டிக்கும் ஆராய்ச்சி பற்றி அதில் ஒரு கட்டுரை. மனைவி படிக்கச் சொன்னதைக் கணவன் உண்மையாகவே படித்த அபூர்வச் சம்பவத்திலிருந்து ஓர் உயிரியல் கோட்பாடு பிறந்தது. மனிதர் வேலையை விட்டுவிட்டு மருத்துவம் படிக்கப் போனார். 1954 நவம்பரில் பெர்க்லியில் தன் அறையில் உட்கார்ந்திருக்கும்போது பொறி தட்டியது: நாம் கிழடாவதற்குக் காரணம் ஃப்ரீ ரேடிக்கல்தான்! 1956-இல் அச்சில் வந்தது. ஆரம்பத்தில் சிரித்தார்கள். ஹார்மன் சிரித்தவர்களில் பலரை வழியனுப்பிவிட்டு, 98 வயதுவரை இருந்து 2014-இல்தான் போனார். வாதத்தில் ஜெயிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

1969-இல் மெக்கார்டு, ஃப்ரிடோவிச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, சூப்பராக்ஸைடு என்ற ரேடிக்கலை அழிப்பதற்கென்றே நம் உடம்பு ஒரு நொதி வைத்திருக்கிறது என்று காட்டினார்கள். போலீஸ் இருக்கிறது என்றால் திருடனும் இருக்க வேண்டுமே. கோட்பாடு கௌரவம் பெற்றது. பிறகு வந்தவர் லைனஸ் பாலிங். யாரோடும் பங்கு போடாமல் இரண்டு நோபல் பரிசு வாங்கியவர். அப்படிப்பட்டவர் வைட்டமின் சி-யைக் கிராம் கணக்கில் விழுங்கச் சொன்னால் யார் மறுப்பார்கள்? உலகமே மாத்திரை டப்பாவைத் திறந்தது.

பின்லாந்துக்காரர்கள் மட்டும் ஒரு காரியம் செய்தார்கள். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, பீட்டா கரோட்டினும் வைட்டமின் இ-யும் கொடுத்து வருடக்கணக்கில் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். வைட்டமின் இ சாப்பிட்டவர்களில் மூளை ரத்தக்கசிவால் செத்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல். செருப்பைத் தானம் செய்ய வந்தவர் வாசலில் நின்றவர்களை மிதித்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த முடிவு ஒரு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பக்கவாத ஆராய்ச்சிக்காரர்கள் அதற்குள் வேறொரு ரயிலில் ஏறிப் புறப்பட்டுவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தர்க்கம் அவ்வளவு அழகாக இருந்தது. மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். இழுக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. அதோடு அது கொழுப்பு நிறைந்த உறுப்பு. ரேடிக்கலுக்குக் கொழுப்பென்றால் கொள்ளை ஆசை. ரத்தக்குழாய் அடைத்ததும் நடுப்பகுதி சீக்கிரமே செத்துவிடும். நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல்கள் காலி என்று ஒரு கணக்கு உண்டு. சுற்றியுள்ள பகுதி சாகவும் இல்லாமல் வேலையும் செய்யாமல் சில மணி நேரம் ஊசலாடும். அதை மீட்டுவிடலாம். ஆனால் அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பும்போது கூடவே ஆக்ஸிஜனும் வருகிறது. பசியில் கிடந்த செல் அதை ஒழுங்காக எரிக்கத் தெரியாமல் ரேடிக்கலாகக் கக்குகிறது. காப்பாற்ற வந்த ரத்தமே கொல்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆன்டி ஆக்ஸிடன்ட்டை உள்ளே அனுப்பினால் போதும். படித்தவர் யாரும் இதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. வைத்தியத்தில் இப்படி ஓட்டையே இல்லாத தர்க்கத்தைக் கண்டால் நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

முதலில் களமிறங்கிய பெரிய கை, அதே மிச்சிகன் மாநிலத்தில் கலமஸூ என்ற ஊரில் இருந்த அப்ஜான் கம்பெனி. ஸ்டீராய்டிலிருந்து ஹார்மோன் வேலைகளைக் கழித்துவிட்டு, ரேடிக்கலை அடக்கும் வேலையை மட்டும் வைத்துப் புதுவகை மருந்துகள் செய்தார்கள். அவற்றுக்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? லாஸராய்டுகள். செத்து நாலு நாள் கல்லறையில் கிடந்து, இயேசு கூப்பிட்டதும் எழுந்து வந்தாரே லாசரு, அவர் பேரில். எலிகள் அப்படித்தான் எழுந்திருந்தன போலிருக்கிறது. திரிலஸாட் என்ற தலைமகன் மனிதர்களிடம் வந்தபோது 1996-இல் வட அமெரிக்க ஆய்வு, தொடர்வதில் பயனில்லை என்று பாதியில் நின்றது. பிறகு 6 ஆய்வுகளில் இருந்த 1,757 நோயாளிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மருந்து வாங்கியவர்களுக்குச் சாவோ முடக்கமோ நேரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. எழுப்ப வந்த லாசரு பக்கத்தில் இருந்தவரையும் கல்லறைக்கு இழுத்துப் போனார்.

மூளைச் சவ்வுக்குள் ரத்தம் கசியும் வேறு வகைப் பக்கவாதத்தில் ஒரு ஆய்வு மட்டும் பலன் காட்டியது, அதுவும் ஆண்களுக்கு. பெண்களின் உடம்பு அந்த மருந்தை விறுவிறுவென்று வெளியேற்றிவிடுகிறதாம். வேண்டாததை வெளியே தள்ளுவதில் அவர்களுக்கு உள்ள தெளிவு நமக்கு எப்போது வரப்போகிறது.

ஜப்பானில் எப்செலென் என்று செலினியம் கலந்த ஒன்றை முயன்றார்கள். 1998-இல் வந்த அறிக்கைப்படி ஒரு மாதத்தில் பலன் தெரிந்தது. மூன்று மாதத்தில் மறைந்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது கதையின் நாயகர் வருகிறார். பி.பி.என். என்று ஒரு வேதிப்பொருள். ரேடிக்கல் கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காது என்பதால், அதைப் பிடித்துவைத்துக் கருவியில் பார்ப்பதற்கு வேதியியலாளர்கள் பயன்படுத்திய பொறி அது. ரேடிக்கலை எண்ணத்தான் எலி மூளைக்குள் அனுப்பினார்கள். பார்த்தால், எண்ண வந்தவர் கலவரத்தையே அடக்கிவிட்டார். 1990, 1991 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒக்லஹோமா, கென்டக்கி விஞ்ஞானிகள் ஜெர்பில் என்ற பாலைவன எலிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். மூளை அடைப்புச் சேதம் குறைந்தது. அதுமட்டுமா, கிழட்டு ஜெர்பில்களுக்கு மறந்துபோன வழியெல்லாம் ஞாபகம் வந்து, சந்துபொந்துப் புதிர்ப் பாதையில் வாலிபமாக ஓடின. ஹார்மனின் மனைவி வாங்கிய பத்திரிகை சொன்னது சரிதான் என்று ஆகிவிட்டது.

பி.பி.என்-னுக்கு இரண்டு சல்ஃபோனேட் வால் ஒட்டி நீரில் நன்றாகக் கரையும்படி செய்த தம்பிதான் என்.எக்ஸ்.ஒய்-059. கலிபோர்னியாவின் ரெனோவிஸ் என்ற குட்டிக் கம்பெனியும் ஆஸ்ட்ராஜெனெகா என்ற யானையும் கைகோத்தன. இதில் ஒரு சின்ன நெருடல் இருந்தது. ரத்தத்தில் நன்றாகக் கரையும் அந்த மருந்து, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போக ரொம்பவே கூச்சப்பட்டது. மூளையைக் காக்கும் மருந்து மூளைக்குள் சரியாகப் போகாது! கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வரவில்லை என்றால் விசாரிப்போமா மாட்டோமா? இங்கே யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எலிக்கு வேலை செய்கிறதே, அப்புறம் என்ன. மார்மோசெட் குரங்குகளுக்கு ரத்தக்குழாயை அடைத்து, நாலு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோதுகூடக் கை வேலை தேறியது.

அதற்குள் இந்தத் துறைக்கே கொஞ்சம் வெட்கம் வந்திருந்தது. தொடர்ந்து தோற்றதில் நொந்துபோய், பேராசிரியர்களும் கம்பெனிக்காரர்களும் 1999-இல் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மனிதனிடம் வருமுன் மருந்து தாண்ட வேண்டிய படிகளைப் பட்டியல் போட்டார்கள். பட்டியலின் பேர் ஸ்டேர். அந்தப் படியெல்லாம் ஏறி வந்த முன்மாதிரி மாணவன் என்று என்.எக்ஸ்.ஒய்-059 தோளில் தட்டிக்கொடுக்கப்பட்டது. மனித ஆய்வுக்குப் பேர் வைக்கும் நேரம் வந்தது. லாசருவிடம் பாடம் படித்திருக்க வேண்டாமா? எழுத்துகளைச் சுருக்கிக் கூட்டி சைன்ட் என்று வைத்தார்கள். புனிதர்!

முதல் புனிதர் 2006 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தரிசனம் தந்தார். 24 நாடுகள், 1,722 நோயாளிகள், ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் டிரிப்ஸ். ஊனத்தை அளக்க 0-விலிருந்து 6-வரை ஒரு அளவுகோல் உண்டு: 0 என்றால் ஒன்றுமில்லை, 6 என்றால் சாவு. அதில் மருந்துக் கூட்டம் கொஞ்சம் மேலாக இருந்தது. நரம்புச் செயல்பாட்டை அளக்கும் இன்னொரு அளவுகோலில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஊனம் குறைந்ததாம், ஆனால் ஊனத்துக்குக் காரணமான நரம்புக் குறை குறையவில்லையாம். புனிதர்கள் விஷயத்தில் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. மருந்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வர நூற்றுக்குச் சுமார் நாலு வாய்ப்பு என்று புள்ளியியல் சொன்னது. நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்தால் கைதட்டலாம் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். தட்டினார்கள். பங்குச் சந்தையும் தட்டியது.

இரண்டாவது புனிதர் இன்னும் பெரியவர். 31 நாடுகள், 3,306 நோயாளிகள். 2006 அக்டோபர் 26 அன்று முடிவை அறிவித்தார்கள். மருந்துக் கூட்டத்துக்கும் வெறும் உப்புநீர்க் கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. அளவுகோலில் உப்புநீர் பக்கம் இம்மியளவு சாய்ந்தது என்றுகூடச் சொல்லலாம். ரெனோவிஸ் பங்கு அன்று ஒரே நாளில் தரையைத் தொட்டது. கொஞ்ச காலத்தில் அந்தக் கம்பெனி ஜெர்மனியின் ஈவோடெக் வசம் போய்ச் சேர்ந்தது. ஆஸ்ட்ராஜெனெகா மருந்தையே மூட்டை கட்டியது. தரிசனத்துக்கும் தகனத்துக்கும் நடுவே எட்டு மாதம்.

பிறகு பிரேதப் பரிசோதனை. எடின்பரோவின் மால்கம் மக்லியோடும் கூட்டாளிகளும் பழைய எலி ஆய்வுகளை 2008-இல் தூசி தட்டிப் பார்த்தார்கள். எந்த எலிக்கு மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்காத, எது மருந்து வாங்கிய எலி என்று அளப்பவருக்குத் தெரிந்திருந்த ஆய்வுகளில் மருந்து பிரமாதம். குலுக்கி, கண்ணைக் கட்டிச் செய்த ஆய்வுகளில் பலன் ஏறக்குறைய பாதிதான். ஆக எலியின் மூளையைப் பாதி காப்பாற்றியது மருந்து. மீதியைக் காப்பாற்றியது ஆய்வாளரின் ஆசை.

எலியாவது யார்? இளவட்டம், பெரும்பாலும் ஆண். பி.பி. இல்லை, சர்க்கரை இல்லை, பீடி இல்லை, பென்ஷன் கவலை இல்லை. கழுத்து வழியாக ஒரு நைலான் நூலை நுழைத்து மூளைக்குழாயை அடைப்பார்கள். குறித்த நேரத்தில் நூலை உருவிவிடுவார்கள். ரத்தம் கடகடவென்று பாயும். பல ஆய்வுகளில் மருந்து நூலுக்கு முன்னாலேயே அல்லது நூலோடு நூலாக உள்ளே போய்விடும். மனிதனோ எழுபது வயதில், மூன்று வியாதியோடு, விடிந்ததும் கை வரவில்லை என்று சொல்லி, மருமகன் வரட்டும் என்று காத்திருந்து, நாலு மணி நேரம் கழித்து வருகிறார். அன்று அவருடைய கட்டியை உருவும் வழக்கம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு ரத்தத்தில் கலந்த மருந்து எப்படிப் போகும்? எங்கள் பக்கத்தில் பக்கவாதக் காலில் புறா ரத்தம் தடவிய பெரியவர்களைப் பார்த்துப் படித்தவர்கள் சிரித்தது உண்டு. புறாக்காரர் 31 நாடுகளில் ஆய்வு நடத்தவில்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குப் படவில்லை.

இதோடு குலம் அழிந்ததா என்றால், இல்லை. ஜப்பான் 2001-லேயே எடரவோன் என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட்டுக்குப் பக்கவாத உரிமம் கொடுத்துவிட்டது. கொடுக்கக் காரணமான முக்கிய ஆய்வில் இருந்தவர்கள் 252 பேர். அடுத்த வருடமே சிறுநீரகத்தைக் கவனியுங்கள் என்று எச்சரிக்கை வந்தது. ஆனாலும் அங்கே இன்றும் போடுகிறார்கள்; இந்தியாவிலும் கிடைக்கிறது. அமெரிக்கா அதைப் பக்கவாதத்துக்கு ஏற்கவில்லை, 2017-இல் ஏ.எல்.எஸ். என்ற வேறொரு நரம்பு நோய்க்கு அனுமதித்தது. சீனாக்காரர்கள் எடரவோனோடு கற்பூரத்தின் ஒன்றுவிட்ட சகோதரனான போர்னியோலைக் கலந்து, 1,165 பேரிடம் சோதித்து, 2021-இல் வெளியிட்டார்கள். தொண்ணூறாம் நாள் நன்றாக இருந்தவர்கள் கலவையில் 67 சதவீதம், தனி எடரவோனில் 59. கவனியுங்கள்: ஒப்பிட்டது உப்புநீரோடு அல்ல, எடரவோனோடு. நல்ல முடிவுதான், ஆனால் கற்பூரம் ஜெயித்ததா, எடரவோன் ஜெயித்ததா என்பதற்கு அதில் பாதிப் பதில்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்தவர்கள் பார்சலோனாக்காரர்கள். கட்டைவிரல் வீங்கும் என்று டாக்டர்கள் விரட்டியடிக்கும் யூரிக் அமிலம், நம் ரத்தத்தின் பெரிய ஆன்டி ஆக்ஸிடன்ட்டுகளில் ஒன்று. ஆஞ்ஜல் சமோரோ குழுவினர் அதையே டிரிப்ஸில் ஏற்றிவிட்டார்கள். கட்டி கரைக்கும் ஊசி போட்ட 411 பேர், 2014-இல் முடிவு. நன்றாகத் தேறியவர்கள் மருந்துக் கூட்டத்தில் 39 சதவீதம், மற்றதில் 33. புள்ளியியல் தேர்வில் பாஸ் மார்க் வரவில்லை. பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்குப் பலன் இருப்பதாகத் தெரிந்தது. லாசரு ஆண்களைக் கவனித்தார், இவர் பெண்களை. இருவரையும் சேர்த்து உபசரிக்க இந்தக் குலத்தில் இன்னும் யாரும் பிறக்கவில்லை.

ஆனாலும் யூரிக் அமிலத்தை நான் முழுக்கக் கைகழுவ மாட்டேன். பின்னாளில் அமெரிக்காவில் பல சோதனைக்கூடங்கள் சேர்ந்து, சீட்டுக் குலுக்கி, கண்ணைக் கட்டி, கிழ எலி, குண்டு எலி, பி.பி. எலி, பெண் எலி என்று எல்லா ஜாதியையும் வைத்து ஆறு சிகிச்சைகளைச் சோதித்தார்கள். 2023-இல் வந்த அந்த முடிவில் தேறியது யூரிக் அமிலம் ஒன்றுதான். எலியிடம் நேர்மையாக நடந்துகொள்ள நமக்கு நாற்பது வருடம் பிடித்திருக்கிறது. தவிர, 2015-இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகளுக்குப் பிறகு, பெரிய குழாயில் அடைத்த கட்டியைக் கம்பி விட்டு இழுத்தெடுக்கும் சிகிச்சை வழக்கத்துக்கு வந்துவிட்டது. நைலான் நூலை உருவிய எலியின் நிலைமைக்கு மனிதன் இப்போதுதான் உயர்ந்திருக்கிறான். இனி இந்தக் குலத்துக்கு ஒரு நியாயமான தேர்வு வைக்கலாம். அதுவரை என் தீர்ப்பு: எலிக்கு டிஸ்டிங்ஷன், மனிதனுக்கு அரியர்.

எனவே வீட்டில் யாருக்காவது வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ கிரீன் டீ போட அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள், சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்கள். மருமகன் பின்னால் பஸ்ஸில் வரட்டும். கட்டி கரைக்கும் ஊசிக்குப் பொதுவான கெடு நாலரை மணி நேரம்.